நூத்துக்கு மூணரை!

ஒரு சின்னக் கணக்கோடு ஆரம்பிக்கலாம். பேனாவைக் கையில் எடுத்துக்கொள்ளுங்கள்.

கோவை கிராஸ்கட் ரோட்டில் 20,000 ரூபாய்க்கு ஒரு டி.வி. வாங்குகிறீர்கள். பர்ஸில் அத்தனை பணம் இல்லை. கார்டைத் தேய்க்கிறீர்கள். அடுத்த மாதம் பில் வருகிறது. கட்ட வேண்டிய மொத்தத் தொகை 20,000. அதன் பக்கத்திலேயே, ரொம்ப நல்ல பிள்ளை மாதிரி, 'குறைந்தபட்சத் தொகை 1,000' என்று இன்னோர் எண். ஸ்கூல் ஃபீஸ் கட்டுகிற மாசம் வேறு. 'சரி, ஆயிரத்தைக் கட்டிவைப்போம், மிச்சத்தை அப்புறம் பார்த்துக்கலாம்' என்று நினைக்கிறீர்கள்.

மாத வட்டி 3.5 சதவிகிதம் என்று வைத்துக்கொள்வோம். பல கார்டுகளில் ஏறக்குறைய இந்த அளவுதான். 20,000-க்கு ஒரு மாத வட்டி 700 ரூபாய். அந்த வட்டிக்கு 18 சதவிகிதம் ஜி.எஸ்.டி., 126 ரூபாய். ஆக மொத்தம் 826. நீங்கள் கட்டிய ஆயிரத்தில் அசலுக்குப் போனது வெறும் 174 ரூபாய்! அடுத்த பில்லில் 19,826 என்று சிரித்துக்கொண்டு நிற்கும். கணக்கைக் கொஞ்சம் எளிமையாக்கித்தான் சொல்லியிருக்கிறேன். வட்டி, நீங்கள் பொருள் வாங்கிய தேதியிலிருந்தே ஓட ஆரம்பித்துவிடும் என்பதால், நிஜ பில் இதைவிடக் கொஞ்சம் கூடவே வரும்.

இப்போது இதையே கொங்குப் பாஷையில் கேளுங்கள். நம் பக்கத்தில் வட்டியை வருஷக் கணக்கில் யாரும் சொல்வதில்லை. "வட்டி எத்தனைங்ணா?" என்றால், "நூத்துக்கு ரெண்டுங்க" என்பார்கள். நூறு ரூபாய்க்கு மாசம் இரண்டு ரூபாய். அதாவது, வருஷத்துக்கு 24 சதவிகிதம். அதற்கே முகம் சுளிப்போம். யாராவது "நூத்துக்கு மூணரை" என்று சொன்னால்? "அட சாமீ... இது கந்து வட்டியல்லங்க!" என்று எழுந்து வந்துவிட மாட்டோமா?

தமிழ்நாட்டில் ஒரு தனி மனிதர் இந்த வட்டியை வாங்கினால், 2003-ம் வருஷத்து அதீத வட்டி தடைச் சட்டப்படி அது குற்றம். மூன்று வருஷம் வரை ஜெயில், 30,000 ரூபாய் வரை அபராதம். அதே வட்டியை ஒரு வங்கி கார்டில் வாங்கினால், 'இது அதிகம்' என்பதற்காகக் கணக்கைத் திரும்பப் பிரித்துப் பார்க்கிற அதிகாரம் கோர்ட்டுக்கே கிடையாது.

எப்படி இப்படி ஆயிற்று? அது ஒரு நூற்று முப்பது வருஷத்துக் கதை. அதில் முதலில் வருகிற ஆசாமி, கோவையை அங்குலம் அங்குலமாக அறிந்த ஒரு வெள்ளைக்காரர்.

பெயர் ஃபிரெடரிக் நிக்கல்சன். சிவில் சர்வீஸ் அதிகாரி. 1887-ல் வெளியான கோயம்புத்தூர் மாவட்ட 'மானுவல்' இவர் தொகுத்தது. மண், மழை, வரி, சாதி, சந்தை என்று இந்த ஜில்லாவைப் பற்றிய அத்தனையும் அதில் உண்டு. அன்றைய கோவை ஜில்லா என்பது கிணறுகளின் ஜில்லா. காவிரிக் கரைக்காரர்களுக்கு ஆறு தண்ணீர் கொடுத்தது. இங்கே பாறையைப் பிளந்துதான் தண்ணீர் எடுக்க வேண்டும். அதற்கு முதலில் காசு வேண்டும். கிணறு வெட்டக் கடன், கவலை இறைக்க மாடு வாங்கக் கடன், விதைக்குக் கடன். கிணற்றில் தண்ணீர் ஊறுகிறதோ இல்லையோ, வட்டி மட்டும் தவறாமல் ஊறும்!

இந்த ஜில்லாவைப் பார்த்துப் பழகிய கண்ணோடு, விவசாயிக்குக் கடன் தர வேறு வழி உண்டா என்று ஆராயும் வேலை நிக்கல்சனுக்கு வந்து சேர்ந்தது. 1895-லும் 1897-லும் இரண்டு பெரிய அறிக்கைகள் கொடுத்தார். சென்னை ராஜதானியின் கிராமக் கடன் சுமார் 45 கோடி ரூபாய் என்று மதிப்பிட்டார். அன்றைய 45 கோடி! தீர்வு என்ன என்பதற்கு, ஜெர்மனியில் கிராமத்துக் கடன் சங்கங்களைத் தொடங்கிய ராய்ஃபைசன் என்ற மனிதரைக் கைகாட்டினார். நமக்கும் ஒரு ராய்ஃபைசன் வேண்டும் என்பதுதான் அவர் சொன்னதன் சாரம். 1904-ல் கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டம் வந்தது. (மனுஷர் அதோடு நிற்கவில்லை. பிற்பாடு மீன்வளத் துறைக்கு அஸ்திவாரம் போட்டதும் அவரே. கடனிலிருந்து மீனுக்கு!)

நிக்கல்சனுக்குப் பிறகு கோவையிலேயே ஒரு ராய்ஃபைசன் கிடைத்தார் என்றுகூடச் சொல்லலாம். வக்கீல் டி.ஏ.இராமலிங்கம் செட்டியார், கூட்டுறவு இயக்கத்தின் பெரிய தூண். பின்னாளில் அரசியல் நிர்ணய சபையிலும் உட்கார்ந்தவர். ஆனால், சங்கங்கள் முளைத்த வேகத்தைவிடக் கடன் வளர்ந்த வேகம் அதிகம். 1930-களில் உலகப் பொருளாதார மந்தம் வந்து, பருத்தியும் நிலக்கடலையும் தரைமட்ட விலைக்கு விழுந்தன. விளைபொருளின் விலை பாதியாகலாம். பத்திரத்தில் எழுதிய வட்டி பாதியாகுமா? 1935-ல் சத்தியநாதன் என்ற அதிகாரி கணக்கெடுத்தபோது, ராஜதானியின் கிராமக் கடன் 200 கோடி ரூபாயைத் தொட்டிருந்தது.

அப்போதுதான் ராஜாஜி ஆட்சிக்கு வருகிறார். 1937. அவர் சேலத்தில் வக்கீலாக இருந்தவர். 1925-ல் திருச்செங்கோடு பக்கம் புதுப்பாளையத்தில் காந்தி ஆசிரமம் அமைத்துக் கிராமத்து ஜனங்களோடு வாழ்ந்தவர். கொங்கு நாட்டுக் குடியானவன் வீட்டில் அடுப்பு எரிகிறதா என்பது அவருக்குப் புத்தகம் படித்துத் தெரிய வேண்டிய விஷயமாக இருக்கவில்லை.

1938-ல் வந்தது சென்னை விவசாயிகள் கடன் நிவாரணச் சட்டம். அதை இன்று படித்தாலும் பிரமிப்பாக இருக்கிறது. 1932 அக்டோபர் 1-க்கு முன்னால் வாங்கிய கடனா? 1937 அக்டோபர் 1 அன்று பாக்கி நிற்கும் வட்டி அத்தனையும் தள்ளுபடி. அசலை மட்டும் கட்டு. வட்டியும் அசலுமாகச் சேர்த்து, வாங்கியதைப் போல இரண்டு மடங்கு ஏற்கெனவே கட்டிவிட்டாயா? அசலும் கிடையாது. கடன் தீர்ந்தது, வீட்டுக்குப் போ! இனிமேல் வாங்கும் கடனுக்கு வருஷத்துக்கு ஆறேகால் சதவிகிதம், அதுவும் தனி வட்டிதான். வட்டிக்கு வட்டி என்ற பேச்சே இல்லை.

இரண்டு மடங்குக்கு மேல் வாங்காதே என்பது ராஜாஜியின் கண்டுபிடிப்பு அல்ல. 'தாம்துபட்' என்று பழைய இந்து சாஸ்திரங்களில் இருந்த விதி. வட்டி அசலைத் தாண்டக் கூடாது என்பதுதான் அதன் அர்த்தம். அதை எடுத்துத் தூசி தட்டி, இன்னும் கொஞ்சம் கூர்மையாக்கிச் சட்டத்தில் வைத்தார்கள். முதலில் பார்த்த 20,000 ரூபாய் டி.வி.யை இந்த விதியில் வைத்துப் பாருங்கள். 40,000 கட்டியதும் பில் நின்றுவிட வேண்டும். நம் ஊர் கார்டுக்கு அப்படி ஒரு கோடு கிடையாது.

கடன் கொடுத்தவர்கள் சும்மா இருப்பார்களா? கோர்ட்டுக்குப் போனார்கள். அதில் ஒரு வழக்கின் பெயரைக் கேட்டதும் கொங்குக்காரர்கள் நிமிர்ந்து உட்காருவீர்கள். சுப்பிரமணியன் செட்டியார் எதிர் முத்துசாமி கவுண்டன்! கடன் கொடுத்தவர் செட்டியார், வாங்கியவர் கவுண்டர். டெல்லியில் ஃபெடரல் கோர்ட் வரை போய், 1940-ல் தீர்ப்பானது.

செட்டியார் தரப்பு வாதம் கெட்டிக்காரத்தனமானது. 'கடன் பிராமிசரி நோட்டில் கொடுத்தது. பிராமிசரி நோட்டு என்பது மத்திய அரசின் அதிகாரப் பட்டியலில் இருக்கிற விஷயம். மாகாண அரசு அதில் எப்படிக் கை வைக்கலாம்?' என்றார்கள். தலைமை நீதிபதி மாரிஸ் குவயர் வழக்கைக் கேட்டார். ஒரு சட்டம் போகிற போக்கில் மற்றவரின் அதிகாரத்தைக் கொஞ்சம் உரசிவிடலாம், அதற்காக அது செல்லாமல் போகாது, அதன் உள்ளே இருக்கும் சாரம் என்ன என்றுதான் பார்க்க வேண்டும் என்பது அவர் நிலை. ஏற்கெனவே டிக்ரி ஆகிவிட்ட கடன் வேறு. சட்டம் பிழைத்தது. கவுண்டர் ஜெயித்தார்.

அதே தர்க்கத்தை 1947-ல் லண்டன் பிரிவி கவுன்சிலும் ஏற்றுக்கொண்டது. அது வங்காளத்து வழக்கு. அங்கே எதிர்த் தரப்பில் நின்றது தனி ஆள் அல்ல. குல்னாவைச் சேர்ந்த ஒரு வங்கி. வட்டிக்கு உச்சவரம்பு வைத்த வங்காள மாகாணச் சட்டம், வங்கி கொடுத்த கடனுக்கும் செல்லும் என்று தீர்ப்பு.

இந்த இடத்தைக் கொஞ்சம் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். 1947-ல் நிலைமை இதுதான். கடன்காரனைக் காப்பாற்ற மாகாணம் சட்டம் போடலாம். எதிரே வங்கியே நின்றாலும் அந்தச் சட்டம் நிற்கும்.

ஆனால், ராஜாஜியின் சட்டத்தில் ஒரு ஓட்டை இருந்தது. அது விவசாயிக்கு மட்டும். பைக்காரா மின்சாரம் வந்து, கோவையில் மில் மேல் மில்லாக எழும்பிய காலம் அது. சங்கு ஊதியதும் உள்ளே போகிற ஆயிரக்கணக்கான தொழிலாளிகளும் கடன் வாங்கித்தான் ஜீவித்தார்கள். சம்பள நாளில் கேட்டுக்கு வெளியே ஈட்டிக்காரன் நிற்பான். டவுன்காரனுக்கு என்ன சட்டம்? 1943-ல் அடகுக் கடைச் சட்டம், 1957-ல் வட்டிக்கடைச் சட்டம் என்று ஒவ்வொன்றாக வந்தன. அடகுக் கடைக்காரரும் வட்டிக்கடைக்காரரும் லைசென்ஸ் எடுக்க வேண்டும். அரசு சொல்கிற வட்டிக்கு மேல் வாங்கக் கூடாது. நல்லதுதான். ஆனால், 1957-ம் வருஷச் சட்டத்தின்படி வங்கி என்பது வட்டிக்கடை ஆகாது! அன்று அதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. வங்கி அந்நாளில் சாமானியனுக்குக் கடன் கொடுத்தால்தானே?

2003-ல் வந்த கந்து வட்டிச் சட்டமும் இதே மண்ணில் முளைத்ததுதான். தண்டல், மீட்டர் வட்டி, மணி வட்டி என்று ஜனங்கள் வாயில் புழங்கிய பெயர்களையெல்லாம் அப்படியே சட்டப் புத்தகத்தில் ஏற்றிய சட்டம் அது. அந்த வகையில் எனக்கு அதன் மேல் ஒரு தனிப் பிரியம் உண்டு. கெஜட் பாஷையில் 'மீட்டர் வட்டி' என்று படிப்பதே ஒரு சுகம்!

இதற்கிடையில், வங்கி நம் பர்ஸுக்குள் வந்துவிட்டது. 1980-ல் சென்ட்ரல் பாங்க் ஆஃப் இந்தியா கிரெடிட் கார்டை அறிமுகப்படுத்தியது. அன்றைக்கு அது பணக்காரர்களின் விளையாட்டுச் சாமான். நான்கு வருஷம் கழித்து, 1984-ல், பார்லிமென்ட் ஒரு காரியம் செய்தது. பத்திரிகைகளில் பரபரப்பாக அடிபட்டிருக்க வேண்டிய விஷயம் அது. வங்கி ஒழுங்குமுறைச் சட்டத்தில் '21-ஏ' என்று ஒரு பிரிவைச் சேர்த்தார்கள். வங்கி வாங்கும் வட்டி அதிகம் என்ற காரணத்துக்காக எந்தக் கோர்ட்டும் அந்தக் கணக்கைத் திரும்பப் பிரித்துப் பார்க்கக் கூடாது. எந்த மாநிலத்தின் கடன் சட்டம் என்ன சொன்னாலும் சரி. அவ்வளவுதான் விஷயம். முத்துசாமி கவுண்டன் ஜெயித்த பாதையில், வங்கி வாசலுக்கு நேராக ஒரு கேட் போட்டாயிற்று.

நம் ஊரில் மட்டும்தான் இப்படியா என்றால், இல்லை. கார்டு பிறந்த அமெரிக்காவிலும் இதே நாடகம் நடந்தது. அங்கே பல மாநிலங்கள் வட்டிக்கு ஒரு கூரை வைத்திருந்தன. மினசோட்டாவில் கார்டு வட்டி 12 சதவிகிதத்துக்கு மேல் போகக் கூடாது. நெப்ராஸ்காவில் 18 வரை போகலாம். நெப்ராஸ்கா வங்கி ஒன்று மினசோட்டாக்காரர்களுக்கு கார்டு கொடுத்து 18 வாங்கியது. 1978-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம், 'தேசிய வங்கி எந்த மாநிலத்தில் இருக்கிறதோ அந்த மாநிலத்து வட்டி செல்லும்' என்று சொல்லிவிட்டது. அவ்வளவுதான்! சவுத் டகோட்டா தன் கூரையையே பிரித்துப்போட்டு 'வாங்க வாங்க' என்றது. சிட்டி பாங்க் 1981-ல் தன் கார்டு கம்பெனியை நியூயார்க்கிலிருந்து அங்கே கொண்டுபோய் வைத்தது. மற்ற மாநிலங்களின் சட்டங்கள் புத்தகத்தில் இருந்தன, கார்டை மட்டும் தொட முடியவில்லை.

இங்கே அந்தக் கேட்டைத் தட்டிப் பார்த்தது நுகர்வோர் சட்டம். 1986-ம் வருஷச் சட்டத்தில் 'சேவை' என்பதற்கான விளக்கத்தில் வங்கித் தொழிலும் உண்டு. அந்தப் பிடியை வைத்துக்கொண்டு, 'ஆவாஸ்' என்ற அமைப்பு தேசிய நுகர்வோர் ஆணையத்துக்குப் போனது. அன்று கார்டு வட்டி 36-லிருந்து 49 சதவிகிதம் வரை இருந்தது. மற்ற நாடுகளில் எவ்வளவு என்று ஆணையம் வரிசையாகப் பார்த்தது. 2008 ஜூலையில் தீர்ப்பு. வருஷத்துக்கு 30 சதவிகிதத்துக்கு மேல் வாங்குவது முறையற்ற வணிகம். கொங்குக் கணக்கில், நூத்துக்கு ரெண்டரை.

வங்கிகள் உச்ச நீதிமன்றத்துக்குப் போயின. 2009-ல் தடை. அந்தத் தடையோடு வழக்கு பதினைந்து வருஷம் கிடந்தது. 2024 டிசம்பர் 20 அன்று உச்ச நீதிமன்றம் ஆணையத்தின் தீர்ப்பை ரத்து செய்தது. இரு தரப்பும் ஒப்புக்கொண்ட ஒப்பந்தத்தைத் திருத்தி எழுத ஆணையத்துக்கு அதிகாரம் இல்லை, வட்டி விஷயம் ரிசர்வ் வங்கியின் எல்லைக்குள் வருவது என்றது. கார்டு வைத்திருப்பவர்கள் படித்தவர்கள், விவரம் தெரிந்தவர்கள், விதிகளை ஒப்புக்கொண்டுதான் வாங்குகிறார்கள் என்றும் சொன்னது.

சட்டப்படி அது சரியாகவே இருக்கட்டும். ஆனால், அந்தக் கடைசி வரியில் எனக்கு ஒரு தயக்கம். கணபதியிலோ பீளமேட்டிலோ இரண்டு லேத் வைத்து ஒர்க் ஷாப் நடத்துபவரை நினைத்துப் பாருங்கள். ஆர்டர் கொடுத்த கம்பெனி தொண்ணூறு நாள் கழித்துப் பணம் தரும். ஆட்களுக்குச் சனிக்கிழமை சம்பளம் போட்டாக வேண்டும். ஒரு கார்டைத் தேய்த்து இன்னொரு கார்டை அடைக்கிறார். அவர் விவரம் தெரியாதவரா? மைக்ரான் கணக்கில் இரும்பைச் சீவுகிறவர்! ஆனால், கார்டோடு வந்த அந்த எறும்பெழுத்துக் காகிதத்தைப் படித்துப் பார்த்து, பேரம் பேசித்தான் கையெழுத்துப் போட்டார் என்று சொன்னால் அவரே சிரித்துவிடுவார். வட்டிக் கடைக்காரரிடமாவது "அரை வட்டி குறைச்சுக்குங்ணா" என்று கேட்கலாம். கார்டில் யாரிடம் கேட்பது?

இதில் ஒரு வேடிக்கை. 2018-ல் உச்ச நீதிமன்றம் 21-ஏ பிரிவு செல்லும் என்று சொன்ன அதே தீர்ப்பில், ஒரு விலக்கும் வைத்தது. விவசாயக் கடன் நிவாரணம் என்பது அரசியல் சட்டத்தில் மாநிலத்தின் பட்டியலில் இருக்கிறது. எனவே விவசாயிகளைக் காக்க மாநிலம் போட்ட கடன் சட்டங்களை அந்தப் பிரிவு தடுக்காது என்றது. அதாவது, ராஜாஜி நின்ற இடம் இன்னும் விவசாயிக்குக் காலியாக இருக்கிறது. டவுன்காரனுக்குத்தான் நிழல் இல்லை. 2022 மே மாதம் இன்னொரு தீர்ப்பு வந்தது. ரிசர்வ் வங்கியில் பதிவான நிதி நிறுவனங்களையும் மாநில வட்டிக்கடைச் சட்டங்கள் கட்டுப்படுத்தாது. ஆக, இ.எம்.ஐ. கம்பெனிகளும் கேட்டுக்கு உள்ளே போய்விட்டன.

சரி, நம் கையில் மிச்சம் என்ன இருக்கிறது? வட்டியைக் குறைக்க முடியாவிட்டாலும், வங்கி நடந்துகொள்ளும் விதத்தைப் பிடிக்கலாம். கேட்காமல் கார்டு அனுப்பி பில்லும் போட்டால், அந்தப் பணத்தைத் திருப்பித் தருவதோடு அதைப் போல இரு மடங்கு அபராதம் என்று 2022-ல் ரிசர்வ் வங்கி விதி போட்டது. பாக்கி இல்லாத கார்டை மூடச் சொல்லிக் கேட்டு ஏழு வேலை நாளில் மூடவில்லையென்றால், தாமதமாகும் ஒவ்வொரு நாளுக்கும் 500 ரூபாய் உங்களுக்கு. வசூல் ஆட்கள் காலை 8 மணிக்கு முன்னும் இரவு 7 மணிக்குப் பின்னும் போன் போடக் கூடாது என்பதும் அந்த வருஷம் சொன்னதுதான். உங்கள் தப்பும் இல்லாமல், வங்கியின் தப்பும் இல்லாமல் வெளியாள் யாரோ உங்கள் கார்டில் பணம் சுருட்டிவிட்டால், மூன்று வேலை நாளுக்குள் தகவல் சொன்னால் உங்கள் தலையில் ஒரு பைசாகூட விழாது என்று 2017-லேயே சுற்றறிக்கை வந்தது. 2025-ல் தமிழ்நாடு அரசும் மிரட்டி வசூலிப்பதைக் குற்றமாக்கி ஒரு புதுச் சட்டம் கொண்டுவந்தது. கவனித்துப் பாருங்கள், இவற்றில் பெரும்பாலானவை வசூலையும் நடத்தையையும் பற்றியவை. வட்டி எவ்வளவு என்பதை எதுவும் தொடவில்லை.

இதற்கெல்லாம் எங்கே போய் நிற்பது? முன்பு அதுவே பெரிய தலைவலி. வங்கியின் தலைமையகம் மும்பையில், கார்டு பிரிவு சென்னையில், போனில் பேசுகிற ஆள் குர்கானில். எந்த ஊர் ஃபோரத்தில் கேஸ் போடுவது என்பதிலேயே பாதி சண்டை போய்விடும். 2020 ஜூலையில் அமலுக்கு வந்த புதிய நுகர்வோர் சட்டம் அதைத் தீர்த்துவைத்தது. நீங்கள் எந்த ஊரில் குடியிருக்கிறீர்களோ, எங்கே வேலை பார்க்கிறீர்களோ, அந்த மாவட்ட ஆணையத்திலேயே மனு கொடுக்கலாம். 5 லட்சம் ரூபாய் வரையிலான விவகாரத்துக்குக் கட்டணம் கிடையாது. வக்கீல் வைத்தே ஆக வேண்டும் என்பதும் இல்லை. வியாபார நோக்கத்துக்கு வாங்கிய சேவை என்றால் நீங்கள் நுகர்வோர் ஆக மாட்டீர்கள் என்று ஒரு விதி உண்டு. நம் லேத்காரர் இதைக் குறித்துவைத்துக்கொள்ள வேண்டும்.

தப்பான பில், கேட்காத கார்டு, ரத்து செய்தும் ஓடுகிற கட்டணம், ராத்திரி பத்து மணிக்கு வந்த மிரட்டல் போன், எல்லாவற்றையும் கோவை ஆணையத்துக்குக் கொடுக்கும் மனுவில் எழுதலாம். 'நூத்துக்கு மூணரை ரொம்ப ஜாஸ்திங்க, கொஞ்சம் குறைக்கச் சொல்லுங்க' என்ற ஒரு வரியைத்தான் எழுதிப் பிரயோஜனம் இல்லை.